15 வருஷம் எதுக்கு?

'ஓல்ட்பாய்' இன்னும் பார்க்கலையா? அப்போ முதல்ல படத்தைப் பாருங்க. இதுக்கு மேல எல்லாமே ஸ்பாய்லர்தான்.

பார்க் சான்-வூக் இயக்கி 2003-ல் வந்த கொரியப் படம். ஓ டே-சுவை யாரோ கடத்தி, ஒரு அறையில் 15 வருஷம் அடைச்சு வைக்கிறாங்க. காரணம் சொல்றதில்லை. சாப்பாடு பொரிச்ச டம்ப்ளிங்தான் (நம்ம மெஸ்ஸே தேவலை). யாருக்கெல்லாம் கெடுதல் செஞ்சோம்னு அவன் நோட்டு நோட்டா எழுதுறான். உண்மையான காரணம் அவன் ஞாபகத்திலேயே இல்லை.

நம்ம ஊர் பழிவாங்கும் படங்களில் இரண்டாம் பாதியில் ஒரு ஃபிளாஷ்பேக் வரும், கணக்கு நேராயிடும். இங்கேயும் வருது. பள்ளி நாட்களில் லீ வூ-ஜினும் அவன் அக்காவும் நெருக்கமா இருந்ததை டே-சு பார்த்துட்டான். ஒரே ஒரு நண்பன்கிட்ட சொன்னான், வேற ஊருக்குப் போயிட்டான், மறந்துட்டான். வதந்தி பரவிச்சு. அந்தப் பொண்ணு அணையில் விழுந்து செத்துப்போனா.

"இதுக்கா இவ்வளவு? மோட்டிவ் ரொம்ப வீக்"னு உங்களுக்குத் தோணலாம். எனக்கு அப்படித் தோணலை. அணைக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. அவ தொங்கும்போது கையைப் பிடிச்சிருக்கிறது வூ-ஜின். விடச் சொல்றது அவ. பிடி விட்டுப்போகுது. அந்தக் கையின் பாரத்தைத்தான் அவன் இத்தனை வருஷமா டே-சுவின் நாக்கு மேல ஏத்தி வச்சிருக்கான்னு நினைக்கிறேன்.

அதனாலதான் டே-சு தன் நாக்கையே அறுத்துக்கிட்ட பிறகும் அவனுக்கு நிம்மதி இல்லை. லிஃப்ட்டில் தனியா நிற்கிறப்போ ஞாபகத்துக்கு வர்றது எதிரி முகம் இல்லை, அக்காவோட கை. அடுத்த நொடி தன்னையே சுட்டுக்கிறான்.