நான்தான் கூப்பிட்டேன்

என் மகன் பிளஸ் டூ படித்தபோது அவனுக்கு இரண்டு கட்டளைகள் போட்டிருந்தேன். வண்டி ஓட்டும்போது செல்போனைத் தொடக் கூடாது. அம்மா கூப்பிட்டால் உடனே எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பது எனக்கு உறைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உறைத்தது. முதல் கட்டளை ஊருக்காக, இரண்டாவது எனக்காக. முதலாவதை அவன் மீறினால் எனக்குத் தெரியப் போவதில்லை. இரண்டாவதை மீறினால் வீட்டு வாசலிலேயே அர்ச்சனை தொடங்கிவிடும். எதை மீறினால் திட்டு விழாது என்று பதினேழு வயதுப் பையனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிப்பது என் பொறுப்பு. குரல் கணீரென்று இருக்கிறதாம். பிள்ளைகள் வலக்கையை நீட்டிக்கொண்டு வரி வரியாகத் திருப்பிச் சொல்வார்கள். அந்த வரிசையில் நிற்கும் பையன்களில் பலர் அன்று காலை பைக்கில் வந்தவர்கள். வளாகத்துக்குள் வண்டிக்கு அனுமதி கிடையாது என்பதால், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் காம்பவுண்டில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு, பையை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நடந்து வருவார்கள். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். கேட்டுக்கு வெளியே நடப்பது நம் பொறுப்பில்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வரும்போது நானும் தலையாட்டுவேன். என் வீட்டிலேயே சாவியை எடுத்துக் கொடுத்தவள் வேறு என்ன பேச முடியும்?

காரணம், டியூஷன். ஐயர் பங்களா பக்கம் வீடு, தல்லாகுளம் பக்கம் டியூஷன். விடிவதற்கு முன் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. கொண்டுபோய் விட எங்களால் முடியவில்லை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதி, அலுப்பு. பதினாறு வயதில் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியைத்தான் ஓட்டலாம், அதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் ஸ்கூட்டர் 110 சிசி. உரிமமும் இல்லை. 'கியர் இல்லாத வண்டிதானே' என்று சட்டத்தில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை அவன் வர நேரமானது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு எடுத்தான். "வந்துட்டு இருக்கேன்மா." காற்று இரைந்தது, பின்னணியில் பஸ் ஹாரன். ஓடும் வண்டியிலிருந்து, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நொடியே வைத்திருக்கலாம். "எத்தனை தடவைடா கூப்பிடுறது? எடுக்கிறதுக்கு என்ன?" என்று ஆரம்பித்தேன். அது முடிந்ததும், வரும் வழியில் தோசை மாவு வாங்கி வரச் சொன்னேன். எந்தக் கடையில் என்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை. முழங்கையில் தையல், முன்பல்லில் ஒரு சில்லு. பின்னால் வந்த கார்க்காரர் பிரேக் போட்டுவிட்டார். அவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நாய் குறுக்கே வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னான். நான் மறுக்கவில்லை. எந்த நேரத்தில் விழுந்தான், யாருடன் பேசிக்கொண்டிருந்தான் என்பதெல்லாம் என் போனிலேயே பதிவாகியிருந்தது. டாக்டர் கேட்டபோது ஸ்கூட்டரைச் சைக்கிளாக்கியது நான். நாய் அவன் சொன்ன பொய், சைக்கிள் என்னுடையது. என்னைக் காப்பாற்றத்தான் அவன் நாயைக் கொண்டுவந்தான் என்பது புரிந்தும், அந்த உதவியைக் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

பயம் வேறு. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பெற்றோருக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். எனக்கு அந்த வழியும் இல்லை. ஆர்சி என் பெயரில், சாவி கொடுத்தது என் கை, லைனில் இருந்ததும் நான்.

அடுத்த ஜனவரியில் உறுதிமொழியோடு சிறிய உரையும் வேண்டும் என்றார்கள். படிக்க உட்கார்ந்தேன். கனடாவின் டொரான்டோவில் ரெடெல்மயர், டிப்ஷிரானி என்ற இருவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, வண்டி ஓட்டியபடி செல்போனில் பேசும்போது விபத்து அபாயம் நான்கு மடங்கு என்கிறது. கையில் பிடிக்காமல் பேசும் கருவியாலும் பாதுகாப்பு கூடியதாக அவர்கள் காணவில்லை. ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் போட்டிருந்த திட்டம் அங்கே அடிபட்டது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கவனம் சிதறினால் வண்டி 22 மீட்டர் போய்விடும், கிரிக்கெட் பிட்ச்சின் நீளத்தைவிட அதிகம். யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை உலுக்கியது. காரில் பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார், நெரிசல் வந்தால் பேச்சைத் தானாகவே அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார். போனில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. வேகத்தடையும் பஸ்ஸும் அவன் முன்னால் இருந்தன. சோபாவில் இருந்த எனக்கு மாவுக்கடை மட்டுமே தெரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2014 மாநாட்டில் நோயெல் லவாய் என்பவர் ஓர் ஆய்வை முன்வைத்திருந்தார். வண்டி ஓட்டும்போது போனில் பேசுவதாக ஒப்புக்கொண்ட பதின்வயதினரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், தாங்கள் பேசுவது அம்மாவிடமோ அப்பாவிடமோதான் என்று சொல்லியிருக்கிறார்கள். நண்பர்கள், காதல், ரீல்ஸ் என்று நாம் கை காட்டும் ஆட்களெல்லாம் அப்புறம்தான்.

இதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன். மேடைக்கு முன் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் உட்கார்ந்திருந்தார்கள். டொரான்டோவைச் சொன்னேன், பிட்ச் கணக்கைச் சொன்னேன், பிள்ளைகள் "ஓ" என்றார்கள். லவாயின் ஆய்வைத் தாண்டிப் போய்விட்டேன். நேரமில்லாமல் இல்லை. அதைச் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்தான். கேட்க வேண்டியவர்கள் முன்வரிசையிலேயே இருந்தும், பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். எட்டுப் போட்டு உரிமம் வாங்கிவிட்டான். கிளம்பும்போது ஒரு மெசேஜ், சேர்ந்ததும் ஒரு மெசேஜ், நடுவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று ஒப்பந்தம். வண்டியில் ஏறினால் அழைப்புகளை அடக்கி, 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் அனுப்பும் வசதியைப் போனில் போட்டிருக்கிறான். ஒரே எண்ணிலிருந்து உடனே மறுபடி அழைப்பு வந்தால் அவசரம் என்று எடுத்துக்கொண்டு மணியடிக்க விட்டுவிடும். இதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அதற்குப் பின் இரண்டிரண்டாக அடித்தது தற்செயல் அல்ல.

போன மாதம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அப்பா இருக்காருல்லம்மா. ரோட்டுல போயிட்டு இருக்கிற நான் என்ன செய்யப் போறேன்?"

வாயடைத்து நின்றேன் என்று எழுதத்தான் ஆசை. "எதிர்த்துப் பேசாத" என்றேன்.