பிணை நிற்பார் யார்?

தொடக்க நூலில் யோசேப்பின் வரலாற்றைப் படிக்கும்போது நம் உள்ளம் பெரும்பாலும் யோசேப்பின் மீதே நிலைத்துவிடுகிறது. ஆனால் அவ்வரலாற்றின் திருப்பம் யூதாவிடம் இருக்கிறது. பஞ்சம் பிழைக்க எகிப்துக்குச் சென்ற சகோதரர்களுள் இளையவனாகிய பென்யமினின் சாக்குப் பையில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று கண்டெடுக்கப்படுகிறது. சுமத்தப்பட்டது திருட்டுக் குற்றம். நாடும் அயல்நாடு, மொழியும் வேற்றுமொழி. அப்போது யூதா முன்னே வருகிறான். தம்பிக்காகத் தந்தையிடம் தான் பிணை ஏற்றதை எடுத்துரைத்து, அவனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறான். அக்கிண்ணத்தைப் பென்யமின் திருடவில்லை என்பது வாசிக்கும் நமக்குத் தெரியும். யூதாவுக்குத் தெரியாது. தெரியாத நிலையிலேயே அவன் பிணை நின்றான்.

திருப்பூரில் பங்குப் பணியாற்றும் நமக்கு இப்பகுதி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. காரணம், இதுவும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் ஊர். முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், அயர்னிங் என்று எல்லாப் பிரிவுகளிலும் அவர்களைக் காணலாம். சுந்தர்கர், கும்லா போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த பழங்குடிக் கத்தோலிக்கரும் அவர்களுள் உண்டு. நாம் உடுத்தும் ஆடையை அவர்கள் தைக்கிறார்கள். ஆனால் அவர்களுள் ஒருவன் காவல் நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டால், அவனைத் தெரியும் என்று சொல்ல இந்த ஊரில் எவரும் இல்லாமற் போகிறார்கள்.

நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். தங்கும் விடுதியில் கைப்பேசி ஒன்று காணாமற்போனது தொடர்பாக இருபது வயது ஒடிசா இளைஞன் ஒருவன் கைதானான். பத்தே நாளில் நீதிமன்றம் அவனுக்குப் பிணை வழங்கிவிட்டது. ஆயினும் அவன் வெளியே வர ஏழு வாரங்கள் ஆயின. உள்ளூரில் சொத்துள்ள இருவர் ஜாமீன் நிற்க வேண்டும். சொத்து வரி ரசீது வேண்டும், ஆதார் வேண்டும். உடன் தங்கியிருந்தோர் அனைவரும் வெளியூர்க்காரர்கள். வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரரோ அப்படி ஒரு பெயரே தம் பதிவேட்டில் இல்லை என்று கூறிவிட்டார். இறுதியில் நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் முன்வந்தார். நான்கு தையல் இயந்திரங்களோடு சிறிய பவர் டேபிள் நடத்துகிறவர் அவர். "பையனப் பத்தி எனக்கொண்ணும் தெரியாதுங்க சாமி. ஊர்ல அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்லங்க" என்றார். அவரோடு அவருடைய தம்பியும் கையெழுத்திட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்விளைஞன் தவறாமல் வந்து நிற்கிறான். அவன் குற்றவாளியா அல்லவா என்பதை நீதிமன்றம் சொல்லும். அதைச் சொல்வதற்கு முன்னரே அவன் ஏழு வாரம் சிறையில் கழித்துவிட்டான் என்பதே நம்மை உறுத்துகிறது.

இது புதிய கேள்வி அன்று. 1978-இல் மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் பிணை நிற்க வந்தபோது, அவரது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி மறுத்துவிட்டார்கள். பாலக்காட்டில் பிறந்தவரும், 1957-இல் கேரள அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையையும் கவனித்தவருமான நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்வழக்கில் கடுமையாகக் கேள்வி எழுப்பினார். போர்ட் பிளேரிலோ தில்லியிலோ கைதாகும் ஒரு தமிழன் உள்ளூர்ப் பிணைக்கு எங்கே போவான் என்பது அவர் கேட்டதன் சாரம். தொகையை ஆயிரமாகக் குறைத்து அக்கொத்தனாரை விடுவிக்க வழி செய்தார். அன்று தமிழனுக்காகக் கேட்கப்பட்ட அக்கேள்வியை, இன்று நம் ஊரில் நிற்கும் ஒடியனுக்காகவும் பீகாரிக்காகவும் நாம் கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். 2023 சனவரி 31 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே குறையைக் கருத்திற்கொண்டது. பிணை கிடைத்தும் ஒரு மாதத்திற்குள் பிணைப் பத்திரம் தர இயலாதவர்களின் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் தாமாகவே தளர்த்தலாம் என்றும், உள்ளூர்ப் பிணை என்னும் நிபந்தனை தாமதத்திற்குக் காரணமாக இருந்தால் அதை விதிக்காமல் விடலாம் என்றும் வழிகாட்டியது.

இது சிலரது துன்பம் மட்டுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஏறக்குறைய 5 இலட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களுள் 4 இலட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் எந்த நீதிமன்றத்தாலும் தண்டிக்கப்படாமலேயே சிறையில் இருந்தார்கள் என்பது இதன் பொருள்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் தீர்ப்பு நாளில் சமூக சேவை பெறவேண்டிய ஒருவர், பிணையாள் கிடைக்காத ஒரே காரணத்தால் அதற்கு முன்பே பல வாரங்கள் சிறையில் கிடக்கக்கூடும். தீர்ப்பு தரும் தண்டனையைக் காட்டிலும் தீர்ப்புக்கு முந்திய தண்டனை பெரிதாகிவிடுகிறது. அன்றே நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமில்லாத குற்றங்களில், முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்க்கு இச்சலுகை இல்லை. சட்டம் இருக்கிறது. அதைச் சிறைக்குள் இருப்பவருக்கு அவருடைய மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

தீர்ப்புக்குப் பிந்திய தண்டனையும் சீரானதாக இல்லை. கோவை மத்திய சிறையில் வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கு இன்றும் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1908 சூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்து, ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது ஆண்டுகள் அனுபவிக்குமாறு தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். அதே மனிதர், அதே பேச்சுகள். தண்டனை மட்டும் நீதிபதிக்கு நீதிபதி மாறியது. அது அந்நியர் ஆட்சி என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. எக்குற்றத்திற்கு எந்நிலையில் எவ்வளவு தண்டனை என்பதற்குப் பொதுவான வழிகாட்டு நெறி வேண்டும் என்று மளிமத் குழு 2003-இலேயே பரிந்துரைத்தது. அப்படியொரு நெறி நாடு முழுமைக்கும் இன்னும் வகுக்கப்படவில்லை. நல்ல வழக்கறிஞரை அமர்த்தி மேல்முறையீடு செய்ய இயன்றவருக்குத் தண்டனை குறையலாம். இயலாதவர் முதலில் விதிக்கப்பட்டதைச் சுமக்கிறார்.

இளையோரின் நிலை இன்னும் கவலைக்குரியது. சிறாரைத் தனியே நடத்த வேண்டும் என்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் செய்தது நம் மாகாணம்தான். அது 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். ஆனால் 2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் செங்கற்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் உயிரிழந்தான். அவனை அடித்ததாக அவ்வில்லத்தின் பணியாளர்களே கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் இத்தகைய இல்லங்களைச் சீர்படுத்த வழிகாணும் பொருட்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. காப்பதற்கென்று எழுப்பிய சுவருக்குள் ஒரு பிள்ளை மடிந்ததை நாம் மறத்தல் ஆகாது.

நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. வேலையில் சேர்வதற்காகச் சிறுவர்கள் தம் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். பதினாறு பத்தொன்பது ஆகிவிடுகிறது. ஏதேனும் வழக்கில் சிக்கினால் அந்தப் பொய் வயதே காவல் நிலையத்திலும் எழுதப்படும். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியவன் பெரியவர்களின் சிறைக்குப் போவான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் தான் பதினெட்டு நிரம்பாதவன் என்பதை வழக்கின் எந்நிலையிலும், தீர்ப்புக்குப் பின்னரும்கூட எடுத்துரைக்கலாம். பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழுமே முதற்சான்றுகள். அவற்றை ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து யார் வரவழைப்பது? திருச்சபைக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அங்கும் ஒரு பங்கு உண்டு, ஒரு பங்குப் பணியாளர் உண்டு. ஒரு மடல் எழுதினால் போதும். 2013 பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையிலுள்ள இளையோர் சிறைக்குச் சென்று அங்கிருந்த பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பிற சமயத்தவரும் இருந்தனர்.

வாக்குரிமையும் இதனோடு பிணைந்ததே. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவின்படி, சிறையில் இருப்பவர் வாக்களிக்க இயலாது. தடுப்புக் காவலில் இருப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. தண்டனை பெற்றவர், விசாரணைக் கைதி என்ற வேறுபாடு அதில் இல்லை. உச்ச நீதிமன்றம் 1997-இல் இப்பிரிவை ஏற்றுக்கொண்டது. விளைவு என்ன? ஒரே வழக்கில் இருவர் கைதாகிறார்கள் என்று கொள்வோம். பிணையாள் கிடைத்தவர் வெளியே வந்து வாக்களிப்பார். கிடைக்காதவர் வாக்கையும் இழப்பார். ஒருவருடைய குடியுரிமையின் அடையாளம் மற்றொருவரின் சொத்து வரி ரசீதைச் சார்ந்து நிற்கிறது. ஆனால் விசாரணைக் கைதி தேர்தலில் போட்டியிடத் தடை இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் பாரமுல்லா தொகுதியில் வென்றவர் அப்போது திகார் சிறையில் இருந்தார். தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 1999-இலும், கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002-இலும் சிறைப்பட்டோரின் வாக்குரிமையை நிலைநாட்டின. தடுப்புக் காவல் கைதிகளுக்கு அஞ்சல் வாக்கு அளிக்கும் நம் நாட்டுக்கு, இன்னும் தண்டிக்கப்படாத இலட்சக்கணக்கானோருக்கும் அதை அளிப்பது இயலாத செயலா?

பொருளைப் பறிகொடுத்தவரை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். ஒரு மாதக் கூலியில் வாங்கிய கைப்பேசியை இழந்த தொழிலாளியின் கண்ணீரும் நாம் கண்டதே. அவருக்கு நீதி விரைந்து கிடைக்க வேண்டும். ஆனால் தவறான ஒருவரை அடைத்து வைப்பதாலோ, விசாரணையே இன்றி நாள்களைக் கடத்துவதாலோ அவர் இழந்தது திரும்ப வருவதில்லை. பிணை நிற்பதில் இடர் இருப்பதும் உண்மை. பிணை நிற்பது குறித்து நீதிமொழிகள் நூலே நம்மை எச்சரிக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமறைவானால் பிணைத் தொகையைக் கட்ட வேண்டி வரும். எனவே ஒருவர் தனியே துணிவதைக் காட்டிலும், பங்குப் பேரவையும் வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியங்களும் கூடிப் பொறுப்பேற்பதே அறிவுடைமை.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. காவலில் இருப்போர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் இலவச வழக்கறிஞர் பெற 1987ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அதன் முகவரியை நம் ஆலய அறிவிப்புப் பலகையில் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்கலாம். தொழில் நடத்தும் நம் மக்கள் தம்மிடம் வேலை செய்வோரின் பெயரை உண்மையான வயதோடு பதிவேட்டில் எழுதலாம். சொந்த வீடுள்ள பத்துக் குடும்பங்கள் இடரைப் பகிர்ந்துகொண்டு பிணைக்குழு ஒன்று அமைக்கலாம். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், வாக்கில்லாதவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்.

திருத்தூதர் பவுல் பிலமோனுக்கு எழுதிய திருமுகம் சிறையிலிருந்து வந்தது. ஓடிப்போன அடிமையாகிய ஒனேசிமுக்காக அதை எழுதுகிறார். அவன் பட்ட கடன் எதுவாயினும் தம் கணக்கில் சேர்க்குமாறு கேட்டு, அதைத் தம் கைப்பட எழுதி உறுதி தருகிறார். கையில் விலங்கோடு இருப்பவரே இன்னொருவருக்குப் பிணை நின்றார். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ நம் ஆண்டவரையே பிணையாளர் என்னும் சொல்லால் குறிக்கிறது. நாம் ஒவ்வொருவரும் ஒருவர் பிணை நின்றதால் வெளியே வந்தவர்கள். இவ்வாரம் நம் பங்குப் பேரவை கூடும்போது, பிணை கிடைத்தும் வெளியே வர இயலாதவர் நம் ஊரில் யார் யார் என்ற கேள்வியை முதற்பொருளாக வைப்போம்.