வியக்கத்தக்க ஆட்டம், வெறுக்கத்தக்க பேச்சு

சதுரங்கம் பயிலும் தம் மகனுக்குப் பாபி ஃபிஷரின் ஆட்டங்களைக் கற்பிக்கலாமா என்று உறவினர் ஒருவர் அண்மையில் என்னிடம் வினவினார். அம்மனிதரின் பிற்காலப் பேச்சுகளை அவர் அறிந்திருந்தார். ஆகவே, அவ்வினா நியாயமானதே.

1943ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர் ஃபிஷர். ஆறு வயதில் தமக்கையோடு சேர்ந்து சதுரங்கம் கற்றார். 1956இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாக, டொனால்ட் பைர்ன் என்னும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிராக ராணியையே இழக்கத் துணிந்து வென்றார். அவ்வாட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1948 முதல் உலகப் பட்டம் சோவியத் வீரர்களிடமே இருந்து வந்தது. 1972இல் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் போரிஸ் ஸ்பாஸ்கியை எதிர்த்து ஆட வேண்டியவர், போக மறுத்து அடம் பிடித்தார். லண்டன் செல்வந்தர் ஜிம் ஸ்லேட்டர் 1,25,000 டாலர் பரிசை இருமடங்காக்கிய பின்னரே புறப்பட்டார். முதல் ஆட்டத்தில் தோற்றார். படக்கருவிகள் தொல்லை தருவதாகக் கூறி இரண்டாம் ஆட்டத்துக்கு வரவே இல்லை. ஆயினும் 12½–8½ என்னும் கணக்கில் வாகை சூடினார். ஆறாம் ஆட்டத்தின் முடிவில், தோற்ற ஸ்பாஸ்கியே அவையோருடன் சேர்ந்து கைதட்டினார். அந்தப் பெருந்தன்மையையும் சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி அவ்வாட்டங்களை மணிக்கணக்கில் விளக்கிக் காட்டியது. சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரட்டித்தது. ஆட்டக்காரரின் உழைப்புக்குத் தக்க ஊதியம் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தின் பயனைப் பின்வந்தோர் அனைவரும் துய்த்தனர்.

அவரோ 1975இல் பட்டத்தைக் காக்க ஆடாமலே இழந்தார். தம் தாயே யூதராயிருக்க, யூதர்மீது நஞ்சைக் கக்கினார். 2001 செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்டதை வானொலியில் புகழ்ந்தார். மனநோய் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. எனக்கு அது போதவில்லை.

ஆட்டங்களைக் கற்பியுங்கள், பேச்சையும் மறைக்காதீர்கள் என்றே உறவினருக்கு விடையளித்தேன். மறைக்க முயன்றாலும் இயலாது. அவர் 1988இல் காப்புரிமை கோரிய கடிகாரத்தின் முறையே இன்று பெரும் போட்டிகளில் வழங்குகிறது. காய் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஆடுபவருக்குச் சில நொடிகள் கூடுகின்றன. வெல்லும் நிலையில் இருப்பவர் நேரமின்மையால் மட்டும் தோற்கும் கொடுமை இதனால் குறைந்தது.

1992இல் தடையை மீறி யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியுடன் மீண்டும் ஆடியதற்காக அமெரிக்கா அவர்மீது வழக்குத் தொடுத்தது. 2004இல் ஜப்பானில் அவர் பிடிபட்டபோது, அதே குற்றத்தைத் தாமும் செய்ததாகவும், தம்மையும் அதே சிறையறையில் அடைத்து ஒரு சதுரங்கப் பலகை தருமாறும் ஸ்பாஸ்கி அமெரிக்க அதிபருக்கு எழுதினார். மறு ஆண்டு ஐஸ்லாந்து ஃபிஷருக்குக் குடியுரிமை அளித்தது. 2008 சனவரி 17இல் அங்கேயே இறந்தார். சிற்றூர்க் கோயிலொன்றின் கல்லறையில், ஒரு சிலர் மட்டும் சூழ்ந்திருக்க, கத்தோலிக்கக் குரு ஒருவர் அவரை அடக்கம் செய்தார்.