ஆற்றங்கரை ஊரில் நாலு டம்ளர் காபி

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தாலே எனக்குப் பிறந்த வீட்டு வாசனை வந்துவிடும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நின்று நின்று போகும். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் பாலத்துக்குக் கீழே தாமிரபரணி. அடுத்தது அம்பாசமுத்திரம், அண்ணன் வீடு, மதினி கையால் ஒரு டம்ளர் காபி.

"எங்க ஆத்துத் தண்ணியில போட்டாத்தான் அது காபி. மத்ததெல்லாம் கழுநீர்" என்பாள் மதினி. பொதிகையில் பிறந்த தண்ணீர் ஆயிற்றே, பெருமை இருக்காதா!

இந்த முறை போனது ஒரு கல்யாணத்துக்கு. அண்ணன் மகளும் வந்திருந்தாள். ஐந்து மாதம். மண்டப வாசலில் புஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டிருந்த எஸ்பிரஸோ மெஷினைப் பார்த்ததும் அவள் நாலடி தள்ளிப் போய்விட்டாள். "வேண்டாம் அத்தை. எஸ்பிரஸோல கஃபீன் ரொம்ப ஜாஸ்தியாம். புள்ளைக்கு ஆகாது."

எவ்வளவு பொறுப்பு என்று மெச்சிக்கொண்டேன். ஆனால் வீட்டில் பார்த்தால் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், இட்லியோடு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயந்திரம் ஒன்று. எல்லாம் மதினியின் கெட்டி டிகாஷன்!

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி மண்டபத்துக்குப் போனபோது மெஷின்காரரிடமே விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார். "பேருதாம்மா எஸ்பிரஸோ. இன்ஸ்டன்ட் பொடியும் சீனியும் போட்டு, பாலை நீராவியில நுரைக்க விடுதோம். அவ்வளவுதான்."

அசல் எஸ்பிரஸோ இத்தாலிக்காரர்களுடையது. 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸரா அந்த மெஷினுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். இன்றைய மெஷின்களில், நைஸாக அரைத்த பொடிக்குள் வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிஷத்தில் 30 மில்லி இறக்குகிறார்கள். சொட்டுக்குச் சொட்டு கணக்குப் பார்த்தால் அதுதான் கடுமை. ஆனால் அந்தக் குட்டிக் கப்பில் இருப்பது சுமார் 63 மில்லிகிராம் கஃபீன். சாதாரணமாக வடித்த காபி ஒரு பெரிய கப், அதாவது 240 மில்லி குடித்தால் சுமார் 95 மில்லிகிராம். பெயரைக் கேட்டுப் பயந்து என்ன பிரயோசனம்? உள்ளே போகும் அளவையல்லவா பார்க்க வேண்டும்!

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று போட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 300-ஐத் தாண்டக் கூடாதாம். கர்ப்பிணிகள் 200-க்குள் நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சொல்வது. கஃபீன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது; மாதம் ஏற ஏற தாயின் உடம்பிலிருந்து அது வெளியேறவும் வெகுநேரம் பிடிக்கிறது.

மதினியை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன். டம்ளருக்கு 80 என்றே வைத்தாலும் நாலு டம்ளர் 320!

"பாலு நிறைய ஊத்துதேனே?" என்றாள். பால் நிறத்தைத்தான் வெளுப்பாக்கும் மதினி, டிகாஷனில் இறங்கியது இறங்கியதுதான். சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதனால் சிக்கரி கலந்த பொடியில் கொஞ்சம் குறையும். ஆனால் ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காபிப்பொடி வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

இட்லியோடு குடிக்கிற டம்ளரைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது; முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். பதினோரு மணிக்கு மோர். ஆக காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, அதுவும் சின்ன டம்ளரில். அடுத்த செக்கப்பில் டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மதினி முனகிக்கொண்டே பரணிலிருந்து சின்ன ஃபில்டரை இறக்கினாள். அண்ணன் மகளுக்கு வேறு வருத்தம். "அப்ப அந்தக் கல்யாணக் காபியை நான் குடிச்சிருக்கலாமே அத்தை! நுரை எவ்வளவு அழகா இருந்திச்சு!"