கலியாணத்துக்கு முன் கேட்க வேண்டிய கணக்கு

எங்கள் வீடுகளில் கலியாணம் பேசும்போது எல்லாம் கேட்பார்கள். அப்பாவின் ஊர் எது, அம்மாவின் ஊர் எது, என்ன படிப்பு, வேலை நிரந்தரமா, சாதகம் பொருந்துகிறதா. எனக்கும் என் மனைவிக்கும் இதெல்லாம் கேட்டு முடிந்தது. ஒருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது?

அதை அவரே என்னிடம் சொன்னார். 2022இல், கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. "உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். எனக்கு 31,000 டொலர் கடன் இருக்கு. தெரிஞ்சுகொண்டு கலியாணம் கட்டுங்கோ" என்றார். அதில் 22,000 ஒன்ராறியோ மாணவர் கடன். மீதி 9,000 கடனட்டையில். ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தோடு போயிருந்த அவருடைய அப்பா நோயில் விழுந்து காலமானபோது விமானச் சீட்டு, ஆஸ்பத்திரி, செத்தவீடு எல்லாம் அந்த அட்டையில்தான் நடந்தன. என்னிடமும் 13,000 டொலர் கார்க்கடன் இருந்தது. இரண்டையும் கூட்டினால் 44,000.

உங்களில் பலர் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறீர்கள், அல்லது முதல் வேலையில். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்கும் இந்தப் பேச்சு வரும். அதனால் எங்கள் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஒன்ராறியோவில் கலியாணம் கட்டிவிட்டதால் மட்டும் மனைவியின் பழைய கடன் கணவனுடைய கடனாகிவிடாது. கணவனுடையதும் மனைவியுடையதாகாது. நீங்கள் கூடக் கையெழுத்து வைத்தால், பிணை நின்றால், கூட்டுக் கணக்கில் கடன் எடுத்தால் நீங்களும் பொறுப்பு. கடன் மதிப்பெண்ணும் அப்படித்தான். 300 முதல் 900 வரை போகும் அந்த எண் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கலியாணப் பதிவோடு அது ஒன்றாகச் சேராது.

இதைத்தான் என் அம்மாவும் தன் பாணியில் சொன்னார். "அது அவ கலியாணத்துக்கு முன்னம் எடுத்த கடன். அவ தானே கட்டவேணும். நீ வீட்டுக்குக் காசைச் சேர்."

சட்டப்படி அம்மா சொன்னது சரி. ஆனால் இருவரும் சேர்ந்து வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி இருவரின் வருமானத்தையும் பார்க்கும், இருவரின் கடனையும் பார்க்கும். மாதாமாதம் வட்டிக்குப் போகும் காசும் ஒரே சமையலறையிலிருந்துதான் போகிறது. இதைச் சொன்னபோது அம்மா ஏற்கவில்லை. பிறகு நான் ஒன்று கேட்டேன். "அப்பா கனடா வர ஏஜென்சிக்குக் கட்டின காசு ஆற்ற கடன்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் கதை வந்தது. அப்பா வெளிக்கிட்டபோது அம்மாவின் தாலிக்கொடி அடைவில் இருந்ததாம். அது காணாமல் இரண்டு பேரிடம் வட்டிக்கும் வாங்கியிருக்கிறார்கள். அம்மா ரொறன்ரோ வந்து இறங்கிய பிறகு இருவரும் நாலு வருசம் தொழிற்சாலையில் மாறி மாறி வேலை செய்து அதைக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை இது ஒன்றும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அம்மா "அவவின்ர கடன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இனி கணக்கு. கடனட்டை வட்டி ஆண்டுக்கு 19.99 சதவீதம். 9,000 டொலருக்கு மாதம் கிட்டத்தட்ட 150 டொலர் வட்டி. மாதம் 180 டொலர் கட்டினால் முதல் மாதம் 30 டொலர்தான் முதலில் கழியும். அதே 180ஐத் தொடர்ந்து கட்டினால் கடன் தீர 9 ஆண்டு ஆகும். மொத்தமாகக் கட்டுவது 19,000 டொலருக்கு மேல். உங்கள் கடனட்டைக் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தீர எவ்வளவு காலம் என்று அதில் அச்சிட்டிருக்கும். கனடாவில் வங்கிகள் அதைப் போட்டே ஆகவேண்டும். பலர் அந்த வரியை வாசிப்பதில்லை.

கார்க்கடன் வட்டி 6.99 சதவீதம். மாணவர் கடனில் மத்திய அரசின் பங்குக்கு வட்டி இல்லை. தொற்றுநோய்க் காலத்தில் நிறுத்திவைத்த அந்த வட்டியை 2023 ஏப்ரல் 1 முதல் நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் பங்குக்கு மட்டும் வட்டி உண்டு.

கடன் தீர்க்க இரண்டு வழி சொல்வார்கள். வட்டி கூடியதை முதலில் முடிப்பது ஒன்று. அதில் காசு மிச்சம். தொகை குறைந்ததை முதலில் முடிப்பது மற்றது. அதில் ஒரு கடன் சீக்கிரம் மறைவதால் மனதுக்குத் தெம்பு. எங்களுக்கு இரண்டு வழியும் கடனட்டையைத்தான் காட்டின.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். வாடகை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் போக மாதம் 1,500 டொலர் கடனுக்கு என்று முடிவு செய்தோம். நான் ஒப்பந்த வேலை செய்பவன். ஒன்று முடிந்து அடுத்தது கிடைக்க இரண்டு மாதமும் ஆகலாம். அதனால் கலியாணத்துக்கு வந்த அன்பளிப்புக் காசில் 3,000 டொலரைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டோம். அடுத்த ஆண்டு காரின் பிரேக் போனபோது அந்தக் காசுதான் கைகொடுத்தது. அது இல்லாவிட்டால் அதே கடனட்டைக்குத்தான் திரும்பப் போயிருப்போம்.

காருக்கு 310, மாணவர் கடனுக்கு 250, மிச்சம் 940 முழுவதும் கடனட்டைக்கு. பதினோராவது மாதம் அட்டை பூச்சியமானது. மொத்த வட்டி 900 டொலருக்குள் முடிந்தது. பிறகு அந்த 940ஐக் காருக்குத் திருப்பினோம். கார் முடிந்ததும் 1,500 முழுவதையும் மாணவர் கடனுக்குத் திருப்பினோம்.

தாளில் இது இவ்வளவு சுலபமாகத் தெரிகிறது. வீட்டுக்குள் அப்படி இல்லை.

முதல் குளிர்காலத்தில் ஒருநாள் மனைவி வேலையால் வந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். சப்பாத்தின் அடி வெடித்துப் பனித்தண்ணீர் உள்ளே போயிருந்தது. "ஏன் புதுசு வாங்கேல்லை?" என்று கேட்டேன். "என்ர கடனுக்கு நீங்கள் கட்டிக்கொண்டிருக்கேக்க நான் எப்படி வாங்கிறது?" என்றார். கோப்பி வாங்குவதையும் சிநேகிதிகளோடு வெளியே போவதையும் அவர் நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. கணக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் அந்த வீட்டில் கடன்காரியாக இருந்தார்.

அன்றிரவு இரண்டு மாற்றம் செய்தோம். எங்கள் கணக்குத் தாளில் கடனுக்குப் பக்கத்தில் யாருடையது என்று பெயர் போட்ட ஒரு நிரல் இருந்தது. அதை அழித்து, வட்டி வீதத்தின்படி மட்டும் வரிசைப்படுத்தினோம். இரண்டாவது, ஆளுக்கு மாதம் 150 டொலர் கைச்செலவுக்கு. என்ன வாங்கினோம், ஏன் வாங்கினோம் என்று மற்றவர் கேட்கக்கூடாது. சப்பாத்து அந்த 150இல் வாங்கவில்லை. வீட்டுச் செலவில் வாங்கினோம். குளிர்காலச் சப்பாத்து இந்த நாட்டில் சாப்பாடு மாதிரி.

அடுத்தது ஊர். அங்கே மாமிக்கு மருந்து, மச்சாளுக்குக் கலியாணம், கோயில் திருவிழா என்று ஒவ்வொரு மாதமும் ஏதாவது வரும். இல்லை என்று சொல்லவும் முடியாது, கேட்டதெல்லாம் கொடுக்கவும் முடியாது. மாதம் 100 டொலரை "ஊர்" என்று ஒரு வரியில் போட்டோம். கேட்காத மாதத்தில் அது சேர்ந்துகொண்டிருக்கும். கேட்கும் மாதத்தில் அதில் இருப்பதைக் கொடுப்போம். அதற்கு மேல் என்றால், "இப்ப இவ்வளவுதான் ஏலும்" என்று மனைவியே சொல்லப் பழகினார். முதல் தடவை சொன்னபோது அவர் அழுதார். மாமி கோபிக்கவில்லை.

சீட்டில் சேரச் சொல்லியும் கேட்டார்கள். சீட்டால் வீடு வாங்கியவர்களையும் தெரியும். ஆனால் அது முழுக்க ஆள் நம்பிக்கையில் நடப்பது. கடனில் இருக்கும்போது எடுத்துவிட்டுத் திருப்பிக் கட்ட முடியாமல் போனால் காசோடு உறவும் போகும். நாங்கள் சேரவில்லை.

33ஆவது மாதம் கடைசிக் கட்டணம் போனது. இன்னும் பேஸ்மென்றில்தான் இருக்கிறோம். அந்த 1,500 இப்போது வீட்டு முற்பணத்துக்குப் போகிறது.

எங்களுக்கு இருவரின் சம்பளமும் இருந்தது. எல்லோருக்கும் இப்படி அமையாது. வட்டியைக்கூடக் கட்ட முடியாத நிலை என்றால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். கனடாவில் அரசு உரிமம் பெற்ற திவால் அலுவலர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கடன் தவிர்த்து 250,000 டொலர் வரையான கடனுக்கு, கடன்காரர்களோடு பேசி ஒரு பகுதியை ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்கும் சட்டபூர்வ ஏற்பாட்டை அவர்கள் மூலம் செய்யலாம். அதனால் கடன் மதிப்பெண் அடிபடும். ஆனால் வட்டி நிற்கும்.

கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். இக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிடமும் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். ஆளுக்கு ஒன்று எடுத்து மாற்றி வாசியுங்கள். தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதற்காக எடுத்தது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அவசரப்படாமல் கேளுங்கள். என் மனைவியின் 9,000 டொலருக்குள் ஒரு மகள் தன் அப்பாவைக் கடைசியாகப் போய்ப் பார்த்தது இருந்தது. அந்தக் கடனைச் சேர்ந்து கட்டியதில் எனக்கு ஒரு சதமும் நட்டமில்லை.