பழைய ஆட்டமும் புதிய பொறியும்

பழைய வீடியோ விளையாட்டுகளுக்கான பொறியொன்றை வீட்டிலே அமைப்பதைப் பொழுதுபோக்கென்றே பலரும் கருதுவர். அமைத்துப் பார்த்த எனக்கோ அது பதிப்பாசிரியர் பணியை ஒத்ததாகத் தோன்றுகின்றது.

2012 இல் வெளிவந்த ராஸ்பெரி பை, உள்ளங்கையில் அடங்கும் கணினி. ரெற்றோபை என்னும் இலவச மென்பொருளை நினைவக அட்டையில் எழுதி அதனுட் செருகினேன். அதிலுள்ள எமுலேற்றர்கள், பழைய பொறிகளின் சில்லுகள் ஆற்றிய பணிகளை மென்பொருளாலேயே செய்து காட்டுகின்றன. 1985 இல் வெளியான 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும் 40 கிலோபைற்றுள் அடங்கியதென அறிந்து வியந்தேன்.

முகப்புத் திரையின் நிறத்தையும் பொத்தான்களின் பணிகளையும் என் விருப்பப்படி மாற்றினேன். ஆயினும் தட்டைத் திரையிலே உருவங்கள் கூரிய சதுரங்களாகவே தெரிந்தன. அவை படக்குழாய்த் தொலைக்காட்சியின் மங்கலைக் கருதி வரையப்பட்டவை. எனவே அக்காலத் திரையின் கிடைக்கோடுகளைப் போலச்செய்யும் வடிகட்டியைச் சேர்த்தேன். தெளிவைக் குறைத்தபோதே மூலத்தை அணுக முடிந்தது.

1980 இல் வெளிவந்த 'பக்மான்' இதனினும் அரிய பாடம் தருவது. அதன் 256 ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி சிதைந்துவிடும். கட்ட எண்ணை ஒரே பைற்றில் வைத்து எண்ணும் நிரல் அங்கே தடுமாறுவதே காரணம். செவ்விய எமுலேற்றர் அச்சிதைவையும் அவ்வாறே காட்டும். அதனைத் திருத்தலாம், திருத்தினால் எஞ்சுவது வேறோர் ஆட்டம்.

சுவடி பதிப்பிப்போர் தம் கருத்தை அடிக்குறிப்பில் எழுதலாம், மூலபாடத்துள் நுழைத்தலாகாது. முகப்பும் பொத்தானும் எனக்குரியன. ஆட்டமோ அதனை ஆக்கியோருக்கும் ஆடிய தலைமுறைக்கும் உரியது.