ஆணியும் காசும்

பூமிக்குள் கிடக்கும் உலோகத்தை மேலே நின்றபடியே காட்டிக் கொடுக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறது என்று நம்மவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி, "என்ன விலை?" என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை: நம் நாட்டில் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று உண்டு. அகப்பட்டது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று நல்ல காப்பி கூடக் கிடைக்காது. அது வேறு விஷயம்.

இங்கிலாந்தில் இது ஒரு பொழுதுபோக்கு. நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் போதும். மெட்டல் டிடெக்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். புதையல் என்று சொல்லத் தக்கது எதுவும் கிடைத்தால் பதினான்கு நாட்களுக்குள் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கேயும் சட்டம் இருக்கிறது. என் பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருப்பது ஸஃபோக் ஜில்லாவில். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், ஓய்வுபெற்ற தபால்காரர். அறுவடை முடிந்த வயல்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தக் கருவியோடு நடப்பார். அங்கே தங்கியிருந்த நாட்களில் நானும் நாலைந்து தடவை அவரோடு நடந்தேன்.

"புதையல் எப்படித் தேடுவது?" என்று கேட்டேன்.

"அதில் ஒன்றுமில்லை. ஆணியைத் தோண்டாமல் இருப்பது எப்படி என்று கேளுங்கள்" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். தலைமுறை தலைமுறையாக உழுத வயலில் என்னதான் இல்லை? ஆணி, குதிரை லாடம், கலப்பையின் உடைந்த முனை, சங்கிலிக் கண்ணி, முள்கம்பி. நூறு தடவை குனிந்தால் தொண்ணூறு தடவை துருவைத்தான் கையில் எடுக்க வேண்டும். அவருக்கோ முழங்கால் வலி.

யந்திரத்தின் சூட்சுமம் இதுதான். கழியின் அடியில் உள்ள தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் எழுந்து, அவையும் பதிலுக்கு ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. அவற்றின் பதில் ஒரு விதம். இரும்போ தானே காந்தத்துக்கு வசப்படுவது. அதன் பதில் இன்னொரு விதம். இந்த வித்தியாசத்தை யந்திரம் சத்தமாக மாற்றுகிறது. ஆணிக்குக் 'கொர்' என்று ஓர் உறுமல். வெள்ளிக் காசுக்குக் 'கிணிங்' என்று மணிச் சத்தம். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் வெள்ளி ரூபாயைச் சுண்டிப் பார்த்து வாங்குவார்களே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான்.

ஆனால் செல்லாத ரூபாயும் சில சமயம் கணீரென்று ஒலிக்கும் அல்லவா? பெரிய இரும்பு, தட்டையான துருத் தகடு, வளையமாக உள்ள இரும்பு இவை வெள்ளியைப் போலவே கூவும். வளையத்தில் மின்சுழல் தாராளமாகச் சுற்றி வருவதால் வரும் வினை அது. கிழவர் ஏமாறுவதில்லை. சத்தம் கேட்டால் உடனே மண்வெட்டியை எடுக்க மாட்டார். அந்த இடத்தில் கால் வட்டம் திரும்பி நின்று குறுக்கே ஒருமுறை தட்டை வீசுவார். காசு எந்தத் திசையிலும் ஒரே குரலில் பேசும். நீள ஆணி ஒரு திசையில் பாடி, மறு திசையில் உடைந்துபோகும். சத்தம் வரும் இடமும் விரற்கடை நகர்ந்திருக்கும். அடுத்தபடி தட்டை மெல்ல உயர்த்துவார். காசின் குரல் சட்டென்று மங்கும். லாடம் ஓர் அடி உயரத்திலும் கத்திக்கொண்டிருக்கும். கடைசியாக, தட்டின் விளிம்பு மட்டும் அந்த இடத்தில் படும்படி மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார். காசு தேய்ந்து மறையுமே தவிரக் குரலை மாற்றிக்கொள்ளாது. இரும்பு அந்த விளிம்பில்தான் தன் பழைய உறுமலுக்குத் திரும்பும்.

இத்தனை சிரமம் எதற்கு? இரும்பின் சத்தமே காதில் விழாதபடி செய்துவிட யந்திரத்தில் வசதி உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் திருகுவது அதைத்தான். கிழவர் அதைத் தொடுவதே இல்லை.

"ஆணி கிடக்கிற இடத்தில்தானே வீடு இருந்திருக்கும்? வீடு இருந்த இடத்தில்தானே காசு விழுந்திருக்கும்?" என்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால், ஆணியை ஊமையாக்கும்போது காசும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஒரு ஞாயிறு, பலர் பலமுறை நடந்து சலித்துவிட்ட வயலில், உறுமலுக்கு நடுவே அரைக்கணம் ஒரு கீச்சுக் குரல் கேட்டது. கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து தோண்டினார். ஓர் ஆணி, அதை ஒட்டினாற்போல் அரை நிலா வடிவில் வெள்ளித் துண்டு. சில்லறை இல்லாத காலத்தில் வெள்ளிப் பென்னியையே இரண்டாக வெட்டிக் கொடுப்பார்களாம். யாரோ ஒரு குடியானவன் தொலைத்துவிட்டு வீட்டில் பாட்டு வாங்கியிருப்பான்.

தங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை. சின்னத் தங்க மோதிரமும், பான டப்பாவைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே குரலில் பேசுகின்றன. மோதிரம் வேண்டுமென்றால் அந்தக் குப்பையையும் தோண்டத்தான் வேண்டும். யந்திரத்துக்கு உலோகம் தெரியும், விலை தெரியாது.

கீழே இருக்கும் இரும்பை அறியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிழவர் ஒரு கதை சொன்னார். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தேன், நிஜம்தான். 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் தங்கிவிட்டது. எக்ஸ்ரே வருவதற்குப் பதினான்கு வருஷம் முந்திய காலம். டெலிபோன் கண்ட கிரஹாம் பெல், உலோகம் இருந்தால் சத்தம் கொடுக்கும் கருவி ஒன்றை அவசரமாகச் செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். மற்றவர்களிடம் சோதித்தபோது நன்றாக வேலை செய்த கருவி, ஜனாதிபதியின் படுக்கையருகே குழம்பியது. எந்தப் பக்கம் வைத்தாலும் ஏதோ ஒரு முனகல். மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, குண்டு வலப்புறம்தான் இருக்கிறது என்று தலைமை வைத்தியர் பிடிவாதம் பிடித்தார். இடப்புறம் தேட விடவில்லை. செப்டம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி காலமானார். அறுத்துப் பார்த்தபோது குண்டு இருந்தது இடப்புறம்.

கிழவர் சொன்ன மற்றொரு கதை அவர்கள் ஜில்லாவிலேயே நடந்தது. ஊரின் பெயரை ஹாக்ஸ்னே என்று எழுதி ஹாக்ஸன் என்று சொல்கிறார்கள். 1992 நவம்பரில் அங்கே ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற சிநேகிதரிடம் டிடெக்டர் இருந்ததால், தேடித் தரச் சொன்னார். போன இடத்தில் பலமான சத்தம். தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, காசுக் குவியல்! மனிதர் சற்றுத் தோண்டியதோடு நிறுத்திக்கொண்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மறுநாள் தொல்பொருள் நிபுணர்கள் வந்து, மக்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எங்கே அடுக்கியிருந்தது என்று கண்டறிய முடிந்தது. ரோமானியர் காலத்துக் காசுகள் மட்டும் 14,865. வெள்ளியில் செய்த மிளகுச் சிமிழ்கள் நான்கு. அதில் ஒன்று சீமாட்டி உருவம். அந்தச் சிமிழ்களை நிரப்பிய மிளகு நம் சேர நாட்டுக் கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. சர்க்கார் பதினேழரை லட்சம் பவுன் வெகுமதி தந்தது. லாஸ் அதில் விவசாயிக்கும் பங்கு கொடுத்தார்.

சுத்தியலும் பிறகு அகப்பட்டது. லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"அந்தச் சுத்தியல் எப்படிக் கத்தியிருக்கும்?" என்று கிழவரிடம் கேட்டேன்.

"பெரிய இரும்பு அல்லவா? வெள்ளி மாதிரியே கத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கால் வட்டம் திரும்பி நின்று தட்டைக் குறுக்கே வீசத் தொடங்கினார்.